ஏப்ரல் பதினாலில் ரிலீஸ்

ஜெபக்குமார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருந்தான். அதை வெளியிட வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் சும்மா கிடந்தன. அவன் தேடிப் பிடித்து ஏப்ரல் பதினாலாம் தேதி வெளியிட்டான். கோட்டைப்பட்டினத்துக்காரர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினாலு வரை, அறுபத்தொரு நாள், நம் பக்கத்துக் கடலில் விசைப்படகு இறங்கக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று அரசாங்கம் போட்ட தடை. கோட்டைப்பட்டினத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு தேதியையும் சொல்லும். ஜெபக்குமாரோ விசைப்படகு டிரைவர் ஆரோக்கியதாஸின் மகன். அந்த அறுபத்தொரு நாளில் வீட்டில் என்ன சமையல், எந்தச் செலவு தள்ளிப்போகும் என்பதெல்லாம் பார்த்தே வளர்ந்தவன்.

அவன் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தான். பிறகு வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து, மாடி அறையில் இரண்டு வருஷம் குந்தி உட்கார்ந்து செய்த கேமுக்கு 'கடலுக்குப் போறேன்' என்று பெயர் வைத்தான். விளையாடுகிறவர் ஒரு இளவட்டம். அப்பாவோடு விசைப்படகில் கடலுக்குப் போக வேண்டும். வலை இறக்க வேண்டும், காற்றுப் பார்க்க வேண்டும், மீன்பாடு நன்றாக இருந்தால் சிரித்துக்கொண்டு கரை திரும்ப வேண்டும். இதில் அவன் தலைக்கு ஏறிய பெருமை ஒன்று உண்டு. கேமுக்குள் ஓடுவது நிஜமான காலண்டர். விளையாடுகிறவரின் கம்ப்யூட்டரில் என்ன தேதியோ அதே தேதிதான் படகிலும். ஐப்பசியில் விளையாடினால் மழை அடிக்கும். தடைக்காலத்தில் விளையாடினால் படகு கட்டிக் கிடக்கும். அந்த அறுபத்தொரு நாளும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னலாம், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு போகலாம் என்ற விதியைக்கூட ஆட்டக்காரர்கள் பாவம் என்று விட்டுக்கொடுத்தவன், தடைக்காலத்தை மட்டும் விடவில்லை. கேமின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்பினான்.

ஆனால் தினமும் சோதித்துப் பார்க்கிறவனுக்குக் காலண்டர் ஓடினால் தொல்லை. அதனால் தன் கம்ப்யூட்டரில் மட்டும் தேதியை ஆடி மாதம் ஒரு நாளில் நிறுத்தி வைத்திருந்தான். இரண்டு வருஷமாக அவனுக்கு ஆடி. கடல் எப்போதும் திறந்தே கிடந்தது.

ரிலீஸ் அன்று தமிழ்ப் புத்தாண்டு. ஊரெல்லாம் விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கேம் விளையாடுவார்கள் என்பது அவன் கணக்கு. காலையில் ஆரோக்கியதாஸ் மாடிப்படியில் நின்று, "டேய், நாளையிலேருந்து தடை. வலையெல்லாம் படகுலேருந்து எறக்கணும், சாயங்காலம் வந்து ஒரு கை பிடி" என்றார்.

"அப்பா, இன்னைக்கு எனக்கு ரிலீஸ். ஒங்க தடைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஒரு மனிதன் தன் வாயாலேயே தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

முதல் நாள் நூற்றுச் சொச்சம் பேர் வாங்கினார்கள். பாதிப் பேர் அன்றே விளையாடிப் பார்த்துவிட்டு, கடல் அழகு, காற்று அழகு என்று எழுதினார்கள். மறுநாள் எல்லோருடைய படகும் ஒரே நேரத்தில் கரையில் கட்டிக்கொண்டது. விடுமுறையில் வாங்கி வைத்துவிட்டு மறுநாள் திறந்தவர்களோ கடலையே பார்க்கவில்லை. நல்ல வெளிச்சமான கரை, ஒரு வயசாளி, ஒரு கிழிந்த வலை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கை ஊசியைத்தான் எடுத்தது. 'கடலுக்குப் போறேன்னு பேர் வைத்துவிட்டுக் கடலில் கால்கூட நனைக்க விடவில்லை' என்று ஒருவர் ரிவ்யூ எழுதினார். 'மீன் பிடிக்கும் கேம் என்றார்கள். தையல் வகுப்பு' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் எழுதவில்லை, ரீஃபண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவர் வழியில் முக்கால்வாசிப் பேர் போனார்கள்.

இந்த நேரத்தில் எந்தப் புத்திசாலியும் அரை மணி நேரத்தில் தடையை எடுத்துவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருப்பான். ஜெபக்குமாருக்கு அந்த ஒரு வரி வராது. அவனுக்கு வாயில் நிரந்தரமாகக் குடியிருந்த வரி வேறு.

கேம் செய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு முறை அவன் மனைவி ஷீபா எட்டிப் பார்த்தாள். அவள் அறந்தாங்கியில் ஆஸ்பத்திரி நர்ஸ். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் போக மாட்டாள்.

"என்னங்க, மீனு வானத்துல போகுது."

"கோலா மீனு பறக்கும். அது அப்படித்தான் வச்சிருக்கேன்."

"படகுக்கு மேல, தலைகீழாவா?"

"அப்படித்தான் வச்சிருக்கேன்."

அப்பாவின் கால் பலகைக்குள் முழங்கால் வரை புதைந்து நின்றபோதும், மழை கரையில் மட்டும் பெய்து கடலில் பெய்யாதபோதும் அதே பதில். ஷீபா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகத் திருத்துவான். இப்போது நூறு பேர் கேட்டபோதும், கேம் விற்கும் இணையப் பக்கத்திலேயே இங்கிலீஷில் பதினாலு பத்தியில் ஒரு விளக்கம் எழுதினான். யதார்த்தம், காத்திருத்தல், மீனவர் வாழ்க்கை என்று என்னென்னவோ இருந்தன, தடை என்றால் என்ன என்பது மட்டும் இல்லை. சாரம் ஒன்றுதான்: அது அப்படித்தான் வச்சிருக்கேன். அதை எழுதிய பிறகு எந்த முகத்தோடு தடையை எடுப்பது?

அவன் இத்தனை தனியாக நின்றதற்கும் அவனேதான் காரணம். ஜனவரியில் சென்னையிலிருந்து சரண்யா என்று ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தாள். 'நாங்கள் ஐந்து பேர் இருக்கும் சின்ன கேம் பப்ளிஷர். உங்கள் டிரெய்லர் பார்த்தோம், பிடித்திருக்கிறது. சேர்ந்து வெளியிடலாமா?' என்று மூன்றே வரி. ஜெபக்குமார் முப்பது வரியில் பதில் போட்டான். கதை எழுதியது நான், படம் வரைந்தது நான், புரோகிராம் எழுதியது நான், அலைச் சத்தம் பிடித்தது நான், விற்கவும் எனக்குத் தெரியும் என்று அடுக்கிவிட்டு, நான் பெற்ற பிள்ளைக்கு நடுவில் இன்னொருவர் எதற்கு என்று முடித்தான். அந்த வரி தனக்கே பிடித்துப்போய் ஷீபாவிடம் வாசித்துக் காட்டினான்.

"பிள்ள பெக்குறவங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் பெக்குறாங்க. நான் தெனமும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

மே மாதம் முதல் வாரத்தில் ஷீபா கறாராகப் பேசினாள். பழைய மேனேஜர் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். ஜூன் பதினாறு காலையில் வந்து சேர்ந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றிருந்தார்.

"தட முடியிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இது எந்திரிச்சா சரி. இல்லைன்னா படகெல்லாம் கடலுக்குப் போற அன்னைக்கு நீங்க சென்னைக்குப் போறீங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக ஒரே சம்பளத்தில் வீடு ஓடியது. ஜெபக்குமாருக்குச் சென்னை என்றாலே பயம். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் யாருக்கோ எதற்கோ படிவம் செய்துகொடுத்த ஆறு வருஷத்தில் அவன் செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. போனால் இனித் திரும்ப மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இந்தப் பயத்தை மட்டும் அவன் யாரிடமும் 'அப்படித்தான்' என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் கடல் திறக்கக் காத்திருந்தார்கள். ஆரோக்கியதாஸ் வாசலில் வேப்பமரத்தடியில் வலை பின்னினார். மாடியில் மகனின் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு அப்பா வலை பின்னினார். கீழே இருக்கிறவர் ஒரு நாள் மேலே வந்து மகனின் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"நாப்பது வருசமா நான் பாக்குற வேலை. இத காசு குடுத்துப் பாக்க ஆளு இருக்கா?"

"ஒருத்தர் இருக்காருப்பா" என்றான் ஜெபக்குமார்.

அது உண்மை. எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று காட்டும் பக்கத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரே எண்தான் இருந்தது: ஒன்று. யாரோ ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்குக் கேமைத் திறந்து, பத்து நிமிஷம் வலை பின்னிவிட்டு மூடினார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. முதலில் ஷீபா என்று நினைத்தான். கேட்டதற்கு, "டூட்டில எனக்கு ஊசி போடவே நேரம் இல்ல, இதுல வல ஊசி வேறயா?" என்றாள். கேம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் தானாகத் திறந்து தானாக மூடுகிறது, அதுவும் தன் தப்பாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தான். மே மாதக் கடைசியில் வீம்பெல்லாம் கரைந்து, தடையை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது அந்த ஒன்று அவனைத் தடுத்தது. தடையை எடுத்தால் இதுவரை பின்னிய வலை அழிந்துவிடும், கேம் அப்படிக் கட்டப்பட்டிருந்தது. முப்பது நாற்பது நாள் உட்கார்ந்து பின்னிய மனுஷருடைய வலையை எப்படிப் பிடுங்குவது? ரீஃபண்ட் வாங்கியவர்களுக்காக ஒன்றும் செய்யாதவன், முகம் தெரியாத அந்த ஒருவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவருக்காகவாவது நான் இதை ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் பதினைந்து வந்தது. விடியும்போதே துறைமுகத்தில் என்ஜின் சத்தம். மீன்துறை ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு படகுகள் வரிசையாகக் கிளம்பின. ஆரோக்கியதாஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். வாசல்படியில் நின்று, "சென்னை போய்ச் சேந்து போன் போடு" என்று மட்டும் சொன்னார். சாயங்காலப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஷீபா பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முகம் சரியில்லை.

எட்டரை மணிக்குப் போன் அடித்தது.

"ஜெபக்குமாரா? நான் சரண்யா. ஜனவரில மெயில் போட்டேன்ல, பப்ளிஷர். நீங்ககூட, பிள்ள பெத்தது அது இதுன்னு…"

ஜெபக்குமாருக்குக் காது சுட்டது. "ஆமாங்க, சொல்லுங்க."

"இன்னைக்குக் காலையில படகு அவுத்துவிட்டீங்க. நான் கடலுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன். அதான் போன் போட்டேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அந்த எட்டு மணி… நீங்களா?"

"வேற யாரு? ஏப்ரல் பதினஞ்சுல கரையில மாட்டுனேன். இந்த ஆளு ஏதோ வச்சிருக்கான், என்னன்னு பாத்துருவோம்னு ஒக்காந்தேன். நான் நார்த்தாமலைக்காரிங்க. எங்க ஊருல பாறைதான். இந்தத் தடைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. ஒங்க கேமும் சொல்லல, எங்கயும் ஒரு வரி போடல. ஒரு வாரம் கழிச்சு வேற எங்கயோ படிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். அறுபத்தோரு நாள் பின்னினேன். நாப்பதாவது நாளு பக்கம் அந்த அப்பா ஒண்ணும் பேசாம ஊசிய என் பக்கம் நீட்டுறாரு பாருங்க, அது நல்லா இருந்துச்சு."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் பழைய வீம்பு சட்டென்று சாகாது.

"சேந்து பண்ணுனா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றான், ஏதோ பத்துப் பேர் வரிசையில் நிற்பதுபோல.

"பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு இருபது பேர ஒக்கார வச்சு விளையாட விடுவோம். எங்க முழிக்கிறாங்கன்னு பாத்து ஒங்ககிட்ட சொல்லுவோம். போன்ல ஓடுற மாதிரி மாத்துறதுக்கு ஆளு தருவோம். ஒங்க பேரு தெரியாதவங்ககிட்ட போய் ஒங்களப் பத்திப் பேசுவோம். அடுத்த ரிலீஸ் வரைக்கும் வீட்டுச் செலவுக்கு மாசாமாசம் கொஞ்சம் அனுப்புவோம். பெறகு, ரிலீஸ் தேதி சொன்னீங்கன்னா ஏன்னு கேப்போம்."

"ஏன்னு கேக்குறதுக்கு ஒரு கம்பெனியா?"

"ஏப்ரல் பதினாலுன்னு சொன்னப்ப ஒங்கள யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா?"

அறைக்குள் ஷீபா சட்டை மடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் சரண்யா. குரல் கொஞ்சம் தணிந்தது. "இன்னைக்குக் காலையில எல்லாரும் படகுல ஏறியாச்சு. நானும் ஏறிட்டேன். அப்பா மட்டும் ஏறல. கரையிலயே ஒக்காந்து பின்னிக்கிட்டு இருக்காரு. படகு போயிருச்சு, அவரு தலையே தூக்கல. எனக்கு அழுக வந்துருச்சுங்க. இவ்வளவு நாளு காத்திருந்தது கடைசில இதுக்குத்தானான்னு. இத எப்படி யோசிச்சீங்க?"

ஜெபக்குமார் யோசிக்கவே இல்லை. தடை முடியும் நாளில் அப்பாவை எழுப்பிப் படகில் ஏற்றும் நாலு வரி புரோகிராமை எழுத மறந்திருந்தான். தேதியை ஆடியில் நிறுத்தி வைத்தவன் அந்த நாளை ஒரு தடவைகூட விளையாடிப் பார்த்ததில்லை. அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஆனால் எப்பேர்ப்பட்ட தப்பு! ஒரு பெண்ணை அழ வைத்த தப்பு. இரண்டு வருஷ உழைப்பில் எதற்கும் கிடைக்காத பாராட்டு இதற்குக் கிடைத்திருக்கிறது. வாயில் குடியிருந்த அந்த வரி நாக்கின் நுனிக்கு வந்து தயாராக நின்றது. நிமிர்ந்து பார்த்தான். ஷீபா கையில் அவனுடைய நீலச் சட்டையோடு நின்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த வரி மனப்பாடம்.

"இல்லைங்க" என்றான் ஜெபக்குமார். "அது தப்பு. அவர ஏத்த மறந்துட்டேன். அந்த நாளு வரைக்கும் நான் ஒரு தடவகூட விளையாடிப் பாக்கல. பாக்க ஆளும் இல்ல."

அந்தப் பக்கம் சரண்யா சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை, ஆறுதலான சிரிப்பு. "அப்பாடா. அதையும் பிளான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் போன வச்சிருப்பேன். ஒங்க பதினாலு பத்தியயும் நான் படிச்சிருக்கேங்க. அக்ரிமென்ட் அனுப்புறேன், ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு கையெழுத்துப் போடுங்க. அந்தத் தப்ப மட்டும் திருத்தாதீங்க. அதுதான் கேம்லயே நல்ல இடம்."

போனை வைத்த பிறகு ஷீபா பையிலிருந்து சட்டைகளை வெளியே எடுத்து வைத்தாள்.

"மேனேஜருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிருங்க" என்றாள். "ஒரு வாட்டி தப்புன்னு வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. இனி இந்தத் தொழில்ல பொழச்சுக்குவீங்க."

மறுநாள் காலையில் ஆரோக்கியதாஸ் கரை திரும்பினார். மீன்பாடு நன்றாக இருந்தது. குளித்துச் சாப்பிட்டதும் மகன் அவரை மாடிக்குக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினான். படகு கிளம்பியது. சின்னதாகிக்கொண்டே போனது. கரையில் வலையோடு அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்னைய ஏண்டா விட்டுட்டுப் போனே?" என்றார்.

"மறந்துட்டேன்ப்பா. ஆனா சென்னையில இதுதான் நல்லா இருக்குங்குறாங்க. இப்படியே வைக்கச் சொல்றாங்க."

அவர் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். படகில் நிற்கும் சின்ன உருவத்தின் மேல் விரலை வைத்தார். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்.

"இது யாரு? நீயா?"

"ஆமாப்பா."

"ஒன்னையத்தான் கடலு பக்கமே விடாமப் படிக்க வச்சுட்டேனே. ஒரு நாளாச்சும் கூடக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்னு இப்ப தோணுது." விரலைக் கரையிலிருந்த வயசாளியின் மேல் நகர்த்தினார். "இதுலயாவது ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். ஏத்துடா."

நாலு வரி எழுத ஜெபக்குமாருக்குப் பத்து நிமிஷம் ஆனது. அப்பா எழுந்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகன் நீட்டிய கையைப் பிடித்துப் படகில் ஏறினார். சரியாக இருக்கிறதா என்று தேதியை ஜூன் பதினைந்தில் வைத்து மூன்று தடவை விளையாடிப் பார்த்தான். பிறகு சரண்யாவுக்கு ஒரு மெயில் எழுதினான். இந்த முறை இரண்டே வரி.

'அப்பா படகில் ஏறுகிறார். அது அப்படித்தான் வச்சிருக்கேன்.'